மட்டை மில்லிலிருந்து ராட்டர்டாம் வரை: குடும்ப நிறுவனம் வெளிநாட்டுச் சந்தைக்குப் போவது எப்படி?

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு காலத்தில் மட்டை மில் வைத்திருந்தவர்களுக்கு நார்க்கழிவு பெரிய தலைவலி. தேங்காய் மட்டையை அடித்து நாரை எடுத்தபின் கொட்டும் பழுப்புத் தூள் மில்லுக்குப் பின்னால் மலையாகக் குவியும். யாராவது அள்ளிக்கொண்டு போனால் போதும் என்றிருந்தார்கள். அதே தூளைத்தான் இன்று உப்புப் போகக் கழுவி, களத்தில் காயவைத்து, 5 கிலோ கட்டியாக அழுத்திக் கப்பலேற்றுகிறார்கள். நெதர்லாந்திலும் ஸ்பெயினிலும் கொரியாவிலும் பசுமைக்குடில் தக்காளியும் ஸ்ட்ராபெரியும் இந்தக் கோகோபீட்டில் வேர்விட்டு வளர்கின்றன.

இதை அனுப்பும் மில்களில் பல, அப்பா, சித்தப்பா, மாப்பிள்ளை என்று நடக்கும் குடும்ப நிறுவனங்கள்தான். எங்களுடையதும் அப்படி ஒன்று. அதனால் இந்த வழிகாட்டியைக் கோகோபீட்டை வைத்தே சொல்கிறேன். நீங்கள் விற்பது அப்பளமோ பம்போ பின்னலாடையோ என்றால் வாரியத்தின் பெயரும் சான்றிதழும் மாறும், போகிற வரிசை பெரிதாக மாறாது. வெளிநாட்டில் வாங்க ஆள் கிடைப்பது ஒன்றும் பெரிய விஷயமில்லை. சரக்கு கையைவிட்டுப் போனபின் பணம் எப்படித் திரும்பி வரும், அங்கே நமக்காக முடிவெடுப்பவர் யார் என்ற இரண்டு கேள்விகள்தான் குடும்பங்களை ஆட்டிப் பார்க்கும். கீழே வருவதில் பெரும்பகுதி அந்த இரண்டைப் பற்றியது.

முதல் படி: வீட்டுக்குள் பேசி முடிப்பது

யார் பொறுப்பு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஏற்றுமதியில் வாங்குபவர் மின்னஞ்சல் அனுப்பினால் அன்றைக்கே பதில் எதிர்பார்ப்பார். "அண்ணன் ஊரில் இல்லை, வந்ததும் சொல்கிறேன்" என்பது இரண்டு தடவை நடந்தால் அவர் வேறு மில்லுக்குப் போய்விடுவார். விலையில் எவ்வளவு குறைக்கலாம், எத்தனை நாள் கடன் கொடுக்கலாம் என்ற எல்லையை எழுதி ஒருவர் கையில் கொடுத்துவிட வேண்டும். எங்கள் வீட்டில் இதைப் பேசி முடிக்க ஒரு தீபாவளியும் ஒரு பொங்கலும் ஆயின.

அடுத்தது, எவ்வளவு போனால் தாங்குவோம் என்ற கணக்கு. முதல் இரண்டு கண்டெய்னர்களின் பணம் முழுதாக வராமலே போனாலும் உள்ளூர் வியாபாரம் நிற்காது என்றால் இறங்கலாம். வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கி முதல் கண்டெய்னரை அனுப்பாதீர்கள்.

தனி நபர் பெயரில் நடக்கும் தொழில் என்றால், நஷ்டமும் வழக்கும் நேராக வீட்டுச் சொத்தைத் தொடும். எல்.எல்.பி. (பங்குதாரர்களின் பொறுப்புக்கு வரம்பு உள்ள கூட்டு) அல்லது பிரைவேட் லிமிடெட்டாக மாற்றுவது பற்றி ஆடிட்டரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். பிறகு மாற்றினால் எல்லாப் பதிவையும் மறுபடி எடுக்க வேண்டிவரும்.

இரண்டாம் படி: எந்த நாடு?

எல்லா நாட்டுக்கும் அனுப்புவோம் என்பவர் ஒரு நாட்டுக்கும் அனுப்பமாட்டார். ஒரே பொருளுக்கு நாட்டுக்கு நாடு எதிர்பார்ப்பு வேறு. கோகோபீட்டில் முதல் கேள்வி உப்பு. அதை ஈசி, அதாவது நீர் மின்சாரத்தைக் கடத்தும் திறன், என்ற அளவால் சொல்வார்கள். நன்றாகக் கழுவிய ரகம் 0.5க்குக் கீழே இருக்க வேண்டும். நெதர்லாந்துக்காரர் அதோடு விடமாட்டார், "பஃபர் செய்ததா?" என்பார். நார்த்தூள் இயல்பிலேயே சோடியத்தையும் பொட்டாசியத்தையும் பிடித்து வைத்திருக்கும். செடிக்குக் கால்சியம் கொடுத்தால் தூள் அதை இழுத்துக்கொண்டு சோடியத்தை வெளியே விடும். கால்சியம் நைட்ரேட் கரைசலில் முன்கூட்டியே ஊறவைத்து அந்த மாற்றத்தை மில்லிலேயே நடத்தி முடிப்பதுதான் பஃபர். வெறும் தண்ணீரில் மட்டும் கழுவியதை அனுப்பினால் ஈசி கருவி நல்ல எண்ணைக் காட்டும், செடி மட்டும் பிறகு வாடும். அங்கே ஆர்.எச்.பி. என்றொரு தர முத்திரை உண்டு. பெரிய தோட்டக்காரர்கள் அதைக் கேட்பார்கள்.

இந்த மாதிரி ஒரு நாட்டின் தேவையை இந்த ஆழத்துக்குத் தெரிந்துகொள்வதுதான் சந்தை ஆராய்ச்சி. உணவுப் பொருள் என்றால் இன்னும் கவனம் வேண்டும். 2024 ஏப்ரலில் எத்திலீன் ஆக்சைடு எச்சம் இருப்பதாகச் சொல்லி ஹாங்காங்கும் சிங்கப்பூரும் சில இந்திய மசாலாக்களைக் கடையிலிருந்து எடுக்கச் சொன்னது நினைவிருக்கும். இங்கே தேறிய பொருள் அங்கேயும் தேறும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

வரியையும் பாருங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தோடு 2022 மே 1 முதலும், ஆஸ்திரேலியாவோடு அதே ஆண்டு டிசம்பர் 29 முதலும் வர்த்தக ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கிறது. அதில் உங்கள் பொருளுக்குச் சலுகை இருந்தால், பொருள் இந்தியாவில் உருவானது என்று காட்டும் பூர்வீகச் சான்றிதழைச் சரக்கோடு அனுப்பினால்தான் வாங்குபவருக்கு வரி குறையும். இதைத் தெரியாமலே வருஷக்கணக்கில் விற்றவர்கள் இருக்கிறார்கள்.

மூன்றாம் படி: காகிதங்கள்

இதை ஊதிப் பெரிதாக்கிக் காசு பார்ப்பவர்கள் நிறைய. உண்மையில் இரண்டு வார வேலை. ஐ.இ.சி. என்ற ஏற்றுமதி-இறக்குமதி எண்ணை டி.ஜி.எஃப்.டி. எனும் மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தக இயக்ககத்தின் தளத்தில் 500 ரூபாய் கட்டி நீங்களே எடுக்கலாம். உங்கள் பான் எண்தான் அந்த எண்ணும். ஒவ்வொரு வருஷமும் ஏப்ரலிலிருந்து ஜூனுக்குள் உள்ளே போய் விவரத்தை உறுதி செய்ய வேண்டும். மாற்றம் இல்லாவிட்டாலும் செய்ய வேண்டும், மறந்தால் எண் முடங்கும்.

அப்புறம் உங்கள் பொருளுக்குரிய வாரியத்தில் பதிவு. எங்களுக்குக் கொச்சியில் இருக்கும் கயிறு வாரியம், மசாலாவுக்கு ஸ்பைசஸ் போர்டு, காய்கனிக்கும் பல உணவுப் பொருள்களுக்கும் அபேடா. ஜி.எஸ்.டி.யில் எல்.யு.டி. என்ற உறுதிக் கடிதம் போட்டால் ஐ.ஜி.எஸ்.டி. கட்டாமல் அனுப்பலாம். அதையும் நிதியாண்டு தொடங்கும்போது புதிதாகப் போட வேண்டும். அன்னியச் செலாவணி பார்க்கும் உங்கள் வங்கிக் கிளையின் ஏ.டி. கோடு என்ற எண்ணை வாங்கி, எந்தத் துறைமுகத்திலிருந்து அனுப்புகிறீர்களோ அங்கே சுங்கத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். தூத்துக்குடியில் மட்டும் பதிந்துவிட்டு, கப்பல் கிடைக்கவில்லை என்று கடைசி நிமிஷத்தில் கொச்சிக்கு லாரியைத் திருப்பினால் அங்கே நிற்கும். இரண்டிலும் பதிந்து வையுங்கள்.

வர்த்தகப் பெயர் வைத்திருந்தால், போகும் நாட்டில் அதைப் பதிவு செய்வது இந்தக் கட்டத்திலேயே நடக்க வேண்டும். இந்தியப் பதிவு இந்தியாவுக்கு மட்டும்தான். மாட்ரிட் ஏற்பாட்டில் 2013இல் இந்தியா சேர்ந்ததால் ஒரே விண்ணப்பத்தில் பல நாடு கேட்கலாம். அங்கே இருக்கும் விநியோகஸ்தர் "நானே என் பெயரில் பதிந்துகொள்கிறேன், உங்களுக்கு எதற்குச் சிரமம்" என்று அன்பாகச் சொல்வார். ஒத்துக்கொள்ளாதீர்கள்.

நான்காம் படி: ஆளும் சாம்பிளும்

இணையத்தளங்களில் வரும் விசாரணைகளில் பெரும்பாலானவை விலை தெரிந்துகொள்ள வருபவை. நேரில் போவதற்கு ஈடு இல்லை. தோட்டக்கலைக்கு ஜெர்மனியின் எஸ்ஸென் நகரில் ஜனவரியில் ஐ.பி.எம். கண்காட்சி நடக்கும், ஆம்ஸ்டர்டாமில் ஜூனில் கிரீன்டெக் நடக்கும். முதல் வருஷம் கடை போடாதீர்கள். டிக்கெட் வாங்கிச் சும்மா சுற்றுங்கள். யார் யாரிடம் வாங்குகிறார்கள், எந்த ரகம் என்ன விலை என்பது இரண்டு நாளில் புரிந்துவிடும்.

வாங்குபவர் மில்லுக்கு வந்தால் என்ன செய்வார் என்று சொல்கிறேன். நீங்கள் அலுவலகத்தில் எடுத்து வைத்திருக்கும் அழகான கட்டியைத் தொடமாட்டார். நேராகக் கிடங்குக்குள் போய், அடுக்கின் நடுவிலிருந்து ஒரு கட்டியை உருவச் சொல்வார். அதை ஒரு டிரம்மில் போட்டுத் தண்ணீர் ஊற்றி, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார். கட்டி விரிந்து முடிந்ததும் லிட்டர் வாளியால் அளப்பார். 5 கிலோ கட்டி 70 லிட்டராவது விரிய வேண்டும். விரிந்ததில் ஒரு கைப்பிடியைப் பிழிந்து, அந்த நீரில் பேனா மாதிரியான ஈசி கருவியை விடுவார். அப்புறம் களத்துக்குப் போய்த் தரையைப் பார்ப்பார். களத்தோரம் புல் முளைத்திருந்தால் முகம் மாறிவிடும். களை விதை கலந்த கோகோபீட் அவருடைய குடிலுக்குள் போனால் அவருக்கு அது ஒரு வருஷத் தொல்லை. அன்று மட்டும் களத்தைச் சுத்தம் செய்து வைப்பதும் அவருக்குத் தெரியும், புதிதாக வெட்டிய புல்லின் அடிக்கட்டை காட்டிக்கொடுத்துவிடும்.

சாம்பிள் அனுப்பும்போது வழக்கமாக ஓடும் சரக்கிலிருந்தே எடுங்கள். சிறந்ததை எடுத்து அனுப்பினால், ஒவ்வொரு கண்டெய்னரும் அந்த அளவுக்கு இருக்க வேண்டிவரும்.

ஐந்தாம் படி: விலை சொல்வது

கோகோபீட் எடை குறைந்த, இடம் அடைக்கிற, மலிவான சரக்கு. 40 அடி கண்டெய்னரில் சுமார் 24 டன் போகும். கப்பல் கட்டணம் 1,000 டாலர் ஏறினால் டன்னுக்கு 40 டாலருக்கு மேல் ஏறிவிட்டது என்று அர்த்தம். உங்கள் லாபம் அதில் பாதிகூட இருக்காது. 2021இல் கட்டணம் பல மடங்கு ஏறியபோதும், 2023 இறுதியில் செங்கடலில் தாக்குதல் தொடங்கி ஐரோப்பாக் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கியபோதும், கப்பல் கட்டணத்தையும் சேர்த்து ஆறு மாதத்துக்கு விலை சொல்லியிருந்தவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள்.

ஆகவே புதியவர்கள் எஃப்.ஓ.பி. விலையில் தொடங்குங்கள். தூத்துக்குடியில் கப்பலில் ஏறும்வரை உங்கள் செலவு, அதற்குமேல் அவர் பாடு. சி.ஐ.எஃப். கேட்டால் கட்டணமும் காப்பீடும் உங்கள் தலையில் வரும். அப்போது விலையை ஒரு வாரத்துக்கு மட்டும் செல்லும் என்று எழுதிக் கொடுங்கள். சி.ஐ.எஃப்.பில் இன்னொரு நுட்பம் உண்டு. காப்பீட்டுச் செலவு உங்களுடையது என்றாலும், சரக்கு கப்பலேறியதுமே சேத அபாயம் அவருடையதாகிவிடும். வாங்குபவர்களிலேயே பலருக்கு இது தெரியாது, சண்டை இங்கிருந்துதான் கிளம்பும்.

வெளிநாட்டு வரியும் ஒரே ராத்திரியில் மாறலாம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் பலவற்றின்மேல் 50 சதவீத வரி போட்டபோது திருப்பூரில் தைத்துக்கொண்டிருந்த ஆர்டர்கள் பாதியில் நின்றன. ஒப்பந்தத்தில் "புதிய வரி வந்தால் யார் தாங்குவது?" என்று ஒரு வரி சேர்க்கக் காசு செலவில்லை.

ஆறாம் படி: பணம்

வழக்கமான ஏற்பாடு, 30 சதவீதம் முன்பணம், மீதி 70 பில் ஆஃப் லேடிங் நகலைப் பார்த்ததும். பில் ஆஃப் லேடிங் என்பது கப்பல் நிறுவனம் தரும் ரசீது மட்டுமல்ல, சரக்கின் உரிமைப் பத்திரமும்கூட. பெரும்பாலும் மூன்று ஒரிஜினல் தருவார்கள். ஒரிஜினல் உங்கள் அலமாரியில் இருக்கும்வரை சரக்கு உங்களுடையது. "அவசரம், டெலக்ஸ் ரிலீஸ் போட்டுவிடுங்கள், நாளைக்குப் பணம் போடுகிறேன்" என்று கேட்பார்கள். டெலக்ஸ் ரிலீஸ் என்றால் ஒரிஜினல் இல்லாமலே சரக்கை எடுக்க அனுமதிப்பது. அந்த நாளை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

ஆனால் ஒரிஜினல் கையில் இருந்தால் பாதுகாப்பு என்று முழுதாக நம்பிவிடவும் முடியாது. வாங்குபவர் சரக்கே வேண்டாம் என்றுவிட்டால், அங்கே துறைமுகத்தில் நாளுக்கு நாள் வாடகை ஏறும். மலிவான சரக்குக்குச் சில வாரத்தில் வாடகை சரக்கின் விலையைத் தொட்டுவிடும். திருப்பிக் கொண்டுவரவும் கட்டுப்படியாகாது. முன்பணம் 30 என்பதற்குக் காரணம் இதுதான், போகவர உள்ள கப்பல் செலவாவது அதில் அடங்க வேண்டும்.

எல்.சி. (வாங்குபவரின் வங்கி தரும் கடன் உறுதிக் கடிதம்) என்றால் வங்கியே உத்தரவாதம் தருகிறது, கவலையில்லை என்பார்கள். வங்கி சரக்கைப் பார்ப்பதில்லை, காகிதத்தை மட்டுமே பார்க்கிறது. எல்.சி.யில் "கொயர்ஸ்" என்றிருந்து உங்கள் பில்லில் "கொயர்" என்றிருந்தால் அதைக் காரணம் காட்டிப் பணத்தை நிறுத்த முடியும். எல்.சி.யில் வேறு கெடு சொல்லாவிட்டால், கப்பலேறிய 21 நாளுக்குள் காகிதங்களைக் கொடுத்தாக வேண்டும். எல்.சி.யின் வரைவு வந்ததும் ஏற்றுமதி பார்க்கும் வங்கி அதிகாரியோடு உட்கார்ந்து வரிவரியாகப் படியுங்கள். நிறைவேற்ற முடியாத நிபந்தனை இருந்தால் சரக்கு ஏற்றுவதற்கு முன்பே மாற்றச் சொல்லுங்கள், ஏற்றியபின் கேட்டால் மதிக்கமாட்டார்கள்.

பழகியபின் கடன் கேட்பார்கள், கொடுக்கத்தான் வேண்டிவரும். அப்போது, வாங்குபவர் பணம் தராவிட்டால் ஈடு தரும் இ.சி.ஜி.சி. காப்பீடு எடுங்கள். 1957இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம். பாலிசி எடுக்கும்போது அந்த வாங்குபவரைப் பற்றி அவர்களும் விசாரித்து, இவ்வளவு தொகைவரை கொடுக்கலாம் என்று எல்லை சொல்வார்கள். காப்பீட்டைவிட எனக்கு அந்த எல்லைதான் அதிகம் உதவியிருக்கிறது. நன்றாகப் பேசிக்கொண்டிருந்த ஒருவருக்கு அவர்கள் சொன்ன எல்லை மிகச் சிறியதாக வந்தது, நாங்களும் சுருக்கிக்கொண்டோம்.

வாங்குபவர் மின்னஞ்சலுக்குள் திருடன் புகுந்து "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று உங்கள் பெயரில் அவருக்கு எழுதுவது இப்போது சர்வசாதாரணம். ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்: கணக்கு எண் மாறினால் தொலைபேசியில் குரல் கேட்டு உறுதி செய்த பிறகே பணம் அனுப்ப வேண்டும்.

வந்த பணத்தை அந்தந்த ஷிப்பிங் பில்லோடு (சுங்கத்தில் கொடுத்த ஏற்றுமதிப் பத்திரம்) வங்கியில் இணைத்து முடிப்பதும் உங்கள் வேலை. ரிசர்வ் வங்கி அதற்குக் கெடு வைத்திருக்கிறது, அது அவ்வப்போது மாறும். முடிக்காத பில்கள் சேர்ந்துகொண்டே போனால் ஒருநாள் அடுத்த ஏற்றுமதிக்கே வங்கி கைவிரிக்கும்.

ஏழாம் படி: சரக்கேற்றும் நாள்

எங்கள் முதல் கண்டெய்னர் நவம்பரில் போனது. வடகிழக்குப் பருவமழை. ஒரு வாரமாக வெயில் சரியாக இல்லை, தேதி நெருங்குகிறது என்று கொஞ்சம் ஈரத்தோடேயே அழுத்திவிட்டோம். ஏழு வாரம் கழித்துப் படங்கள் வந்தன. கட்டிகளின் ஓரம் வெள்ளையாகப் பூஞ்சை, கதவோரத்தில் இருந்த ஓர் அடுக்கு உப்பி, சுற்றியிருந்த உறை கிழிந்திருந்தது. மழை நாளில் அழுத்தியது பாதிதான், மீதி நன்றாகவே இருந்திருக்கும். ஆனால் அதைச் சொல்ல எங்களிடம் எந்தத் தாளும் இல்லை. அவர் கேட்ட தள்ளுபடியைக் கொடுத்தோம். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை, மறுநாள் போய் ஈரம் அளக்கும் கருவி வாங்கி வந்தார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு தொகுப்பிலும் இரண்டு கட்டியைத் தேதி எழுதி எடுத்து வைக்கிறோம். காலி கண்டெய்னர் வந்ததும் உள்ளே ஆளை விட்டுக் கதவை மூடிப் பார்ப்போம், எங்காவது வெளிச்சம் புள்ளியாகத் தெரிந்தால் அது ஓட்டை, திருப்பி அனுப்பிவிடுவோம். கால், பாதி, முக்கால், முழுசு என்று ஏற்றும்போதே நாலு படம், கடைசியில் சீல் எண்ணோடு ஒரு படம். மரப்பலகை வைத்து அடுக்கினால் அது 56 டிகிரியில் அரைமணி சூடேற்றி முத்திரை குத்தியதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பலகைக்காகவே சரக்கை நிறுத்துவார்கள். தாவரப் பொருளுக்குத் தாவர நலச் சான்றிதழ் தனி. மற்ற காகிதங்களைச் சுங்க முகவர் பார்த்துக்கொள்வார். ஆனால் பில்லில் இருக்கும் எடை, எண்ணிக்கை, கண்டெய்னர் எண் ஆகியவற்றை நீங்களே ஒருமுறை ஒத்துப் பாருங்கள்.

எட்டாம் படி: அங்கே ஓர் ஆள்

வருஷத்துக்குப் பத்து, இருபது கண்டெய்னர் போகத் தொடங்கியதும் அங்கே ஏஜண்ட் வேண்டுமா என்ற பேச்சு வரும். அவர் முதலில் கேட்பது, "நாடு முழுக்க எனக்கு மட்டும்" என்ற தனி உரிமை. கொடுக்கலாம், ஆனால் இரண்டு வருஷத்துக்கு, குறைந்தபட்சம் இத்தனை கண்டெய்னர் எடுத்தால் மட்டும் என்று எழுதி. கடைசி வாடிக்கையாளர் யார் என்ற பட்டியலை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தர வேண்டும் என்பதையும் சேருங்கள். ஐரோப்பாவில் ஏஜண்டை நீக்கினால் இழப்பீடு கேட்க அவருக்குச் சட்டத்தில் இடம் உண்டு. அதனால் ஒப்பந்தத்தை அங்கத்திய வக்கீல் ஒருவரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடவேண்டாம்.

இந்த விஷயத்தில் நம்மூர்க்காரர்களிடம் பழைய அனுபவம் இருக்கிறது. நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மாவிலும் மலாயாவிலும் கொடுக்கல்வாங்கல் நடத்தியபோது முதலாளி பெரும்பாலும் ஊரில்தான் இருப்பார். கடையில் உட்காருபவர் ஏஜண்ட், வழக்கமாக மூன்று வருஷக் கணக்கு. கெடு முடிந்ததும் அடுத்த ஏஜண்டிடம் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவார். லாபத்தில் அவருக்கும் பங்கு உண்டு. ஆள் மாறும்போது கணக்கு தானாகத் தணிக்கையாகிவிடும், ஒருவரே வேரூன்றி முதலாளிக்கு மேலே போய்விடவும் முடியாது. மகனையோ மாப்பிள்ளையையோ அனுப்பும் குடும்பங்கள் இதில் கெடுவையும் கணக்கு ஒப்படைப்பையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். சொந்தக்காரன் என்பதற்காகக் கணக்குக் கேட்கக் கூச்சப்படுவதால்தான் பல வீடுகளில் பேச்சுவார்த்தை நின்றுபோனது.

அவர்களுடைய இன்னொரு அனுபவம் கசப்பானது. 1930இன் பெருமந்தத்தில் அரிசி விலை விழுந்து, கடன் திரும்பாமல், அடமான நிலங்கள் கைக்கு வந்து சேர்ந்தன. அந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நாலில் ஒரு பங்கு நிலம் அவர்களிடம் இருந்தது. 1942இல் ஜப்பானியர் வந்தபோது அதைத் தூக்கிக்கொண்டு வர முடியவில்லை. 1900இல் பர்மாவில் தொடங்கிய முருகப்பா குழுமம் அதற்கு முன்பே மூலதனத்தை இந்தியாவுக்குத் திருப்பியிருந்தது, 1949இல் சென்னையில் சைக்கிள் செய்ய ஆரம்பித்தது. எங்கள் தொழிலில் நாருக்குச் சீனாவை மட்டும் நம்பியிருக்கும் மில்கள், அங்கே வாங்குவது குறைந்தால் அடுத்த வாரமே ஷிப்டைக் குறைப்பதைப் பார்க்கிறேன். ஒரே நாட்டுக்கு விற்பனையில் பாதிக்குமேல் போகக்கூடாது என்பது நாங்கள் வைத்திருக்கும் வரம்பு. இரண்டு வருஷம் அதை மீறினோம், ஆர்டர் நன்றாக வந்தது, மறுக்க மனம் வரவில்லை.

ஒன்பதாம் படி: சொந்தக் கம்பெனி

இதற்கு அவசரப்படாதீர்கள். முதலில் நெதர்லாந்தின் துறைமுக நகரான ராட்டர்டாம் பக்கம் வாடகைக் கிடங்கில் இரண்டு கண்டெய்னர் சரக்கு வைத்து, பலகை பலகையாக விற்றுப் பாருங்கள். கண்டெய்னராக வாங்க முடியாத சிறிய தோட்டக்காரர்கள் அப்போது கிடைப்பார்கள், விலையும் கூடுதலாகக் கிடைக்கும். இறக்குமதியின்போது 21 சதவீத வாட் வரியைக் கையிலிருந்து கட்டாமல் கணக்கில் காட்டித் தள்ளிவைக்க நெதர்லாந்தில் வழி உண்டு. வெளிநாட்டு நிறுவனம் அதற்கு உள்ளூர் வரிப் பிரதிநிதி ஒருவரை அமர்த்த வேண்டும்.

ஒரு வருஷம் அப்படி ஓடினால் பி.வி. என்ற, நம்மூர் பிரைவேட் லிமிடெட் மாதிரியான, கம்பெனியை அங்கே தொடங்கலாம். 2012 முதல் அதற்கு மூலதனம் ஒரு யூரோ சென்ட் இருந்தாலே போதும். அங்கே தொடங்குவது எளிது, இங்கிருந்து பணம் போவதற்குத்தான் விதி. 2022 ஆகஸ்டில் வந்த வெளிநாட்டு முதலீட்டு விதிகளின்படி, கம்பெனியோ எல்.எல்.பி.யோ பதிவு செய்த கூட்டாளி (பார்ட்னர்ஷிப்) நிறுவனமோ தன் நிகர மதிப்பில் 400 சதவீதம்வரை அனுமதி கேட்காமல் முதலீடு செய்யலாம். வங்கி வழியாக எஃப்.சி. படிவம் கொடுத்துத் தனி எண் வாங்கிக்கொள்ள வேண்டும். தனி நபராக அனுப்பினால் வருஷத்துக்கு 2,50,000 டாலர் வரம்புக்குள் அடங்கும். அங்கே படிக்கப் போன பையனின் நண்பர் பெயரில் கம்பெனி தொடங்கி, இங்கிருந்து குறைந்த விலைக்குப் பில் போட்டு லாபத்தை அங்கேயே நிறுத்துவது சாமர்த்தியம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது அன்னியச் செலாவணிச் சட்ட மீறல். உங்கள் கம்பெனிக்கே நீங்கள் விற்கும் விலையும் வெளியாருக்கு விற்பதுபோல இருக்க வேண்டும் என்று வருமானவரித் துறை பார்க்கும்.

தொடங்கியபின் இரண்டு தேதிகளை நாள்காட்டியில் குறித்து வையுங்கள். வெளிநாட்டுச் சொத்து பற்றிய கணக்கை ரிசர்வ் வங்கிக்கு ஜூலை 15க்குள் தர வேண்டும், அந்தக் கம்பெனியின் ஆண்டுச் செயல்பாட்டு அறிக்கையை வங்கியில் டிசம்பர் 31க்குள். அங்கே விற்பனையே நடக்காத வருஷமாக இருந்தாலும் இரண்டும் போக வேண்டும். இதைச் செய்கிற ஆள் யார் என்பதையும் வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், எங்கள் வீட்டில் என் தங்கை பார்க்கிறாள்.